தவிட்டுக்கு விற்ற பிள்ளை

செப்டம்பர் 4

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் உரக்கடையில் கொடுத்தது. ஜனவரியில் கொண்டுவந்து பீரோ மேல் போட்டார். ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய யோசனை கத்தரிக்காய்ப் புழுவைப் பற்றி. எனக்குக் கத்தரித் தோட்டம் இல்லை. பெண் பிள்ளை பிறந்திருக்கிறது.

காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம். சுகப்பிரசவம். பிள்ளை நல்ல எடை, நல்ல நிறம், தொண்டை மட்டும் மீன்காரி தொண்டை. அனுப்பும்போது டாக்டரம்மா, "பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. நீதான் அத எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி பாத்துக்கிட்டே இருக்க. கொஞ்சம் கண்ண மூடித் தூங்கு" என்றார். மூடலாம்தான். மூடித் திறப்பதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று அவருக்கு யார் சொல்வது.

எங்கள் வளவில் நாலு வீடு. ஆட்டோவை விட்டு இறங்கினால் வளவு வாசலில் எதிர்வீட்டுப் பிரகாசி அக்கா கையில் அரிசி புடைக்கிற சுளகோடு நிற்கிறாள். அவளுக்கு மூன்று பையன்கள். மூன்றும் இரும்பு. பெரியவன் போன வருஷம் மொட்டை மாடியிலிருந்து விழுந்து, தானே எழுந்து வந்து காப்பி கேட்டான். அதனால்தான் இந்தக் காரியத்துக்கு அவளைப் பிடித்தோம்.

காரியம் இதுதான். முன்னால் ஒரு பிள்ளை தங்காமல் போன வீட்டில் அடுத்தது பிறந்தால், பிள்ளைகள் நன்றாகத் தங்கிய ஒருத்திக்கு அதை ஒரு கை தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எந்தக் கெட்டதும் ஏறெடுத்துப் பார்க்காது என்று நம்பிக்கை. பெற்றவள் பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம். சொந்தம் மட்டும் கொண்டாடக் கூடாது. பிறகு ஒரு நல்ல நாளில் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிப் பேர் வைக்க வேண்டும். இது என் மாமியார் ஏற்பாடு என்று வளவில் எல்லாரும் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

"தூத்துக்குடி டவுனுக்குள்ள தவிட்டுக்கு எங்கன போக, சொல்லு" என்றாள் பிரகாசி அக்கா. "மாட்டுத் தீவனக் கடையில போயி ஒரு கை தவிடு குடுங்கன்னேன். மாடு எங்கன நிக்குன்னு கேக்கான். மாடு இல்லய்யா, பிள்ளை வாங்கப் போறேன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுச் சும்மாவே குடுத்து அனுப்பிட்டான்."

பிள்ளையைச் சுளகில் வைத்தேன். அவள் என் முந்தானையில் தவிட்டைப் போட்டாள். சுளகோடு தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய் மாதா படத்துக்கு முன்னால் காட்டிவிட்டு, திரும்ப வந்து என் கையில் கொடுத்தாள்.

"இந்தா, எம் பிள்ளை. நல்லா வளத்துக் குடு. ஒரு கொறை இருந்துச்சு, ஒன்னச் சும்மா விடமாட்டேன்."

"சரிக்கா" என்றேன்.

என் வீட்டுக்காரர் நயினார் ஆட்டோப் பக்கத்தில் பைகளோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குமே ஒன்றும் சொல்கிறவர் இல்லை. உள்ளே வந்து படுத்தேன். மாதக்கணக்கில் என் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

முதல் பிள்ளையைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 5

தூங்கினேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 9

பிரகாசி அக்காவின் அதிகாரம் தாங்க முடியவில்லை. காலையில் குளிப்பாட்ட வருகிறாள். வந்ததும் வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்க்கிறாள்.

"ஏட்டி, எம் பிள்ளையக் குளிப்பாட்டப் போறியா, அவிக்கப் போறியா?"

"நேத்து ஆறிப் போச்சுன்னு ஏசுனிய."

"நேத்து ஆறித்தான் இருந்துச்சு. இன்னைக்குக் கொதிக்கி. ஒனக்கு நடுவுல ஒண்ணும் தெரியாதா?"

எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஏச்சு எனக்கு இனிக்கிறது. வேலைக்காரி மாதிரி இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எஜமானி சொன்னதைச் செய்தால் போதும்.

மத்தியானம் கடைசி வீட்டு மதினி பார்க்க வந்தாள். கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தைப் பாதி அவளே தின்றுகொண்டு, "யெப்பா, என்ன முடி, என்ன கண்ணு. அப்படியே ஒன்ன உரிச்சு வச்சிருக்கு" என்றாள். போன தடவை இப்படி யாராவது சொன்னால் எனக்கு உச்சி குளிரும். இந்தத் தடவை, "எங்க பிள்ளை இல்ல மதினி, பிரகாசி அக்கா பிள்ளை. என்ன இருந்தாலும் அவகிட்டச் சொல்லுங்க" என்றுவிட்டு நானும் ஒரு மக்ரூன் எடுத்துக்கொண்டேன். ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தபோது, சாயம் போகுமா என்று கேட்கிறவர்களிடம், "நாங்க விக்கிறதோட சரி, கம்பெனிதான் பொறுப்பு" என்று சொல்லிப் பழகிய வாய்தானே.

செப்டம்பர் 13

இவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கடையிலிருந்து வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொள்கிறார். திங்கட்கிழமை கேஸ் டியூபை மாற்றினார். அது போன தீபாவளிக்குத்தான் மாற்றியது. அடுத்து ஜன்னலுக்குக் கொசுவலை. இன்றைக்கு வீட்டிலுள்ள பிளக் ஓட்டைகள் எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டிவிட்டார். மிக்ஸி போட வேண்டுமானால் டேப்பை உரித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

"தலையே நிக்காத பிள்ளை. அது எப்படிப் பிளக்குக்குள்ள வெரல விடும்?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் தவழ்ந்து போவாள்லா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தவழ்வாளாம். என்னவோ எல்லாம் கையெழுத்தாகி முடிந்துவிட்ட மாதிரிப் பேசுகிறார். "அடுத்தவ பிள்ளைக்கு நமக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம இருங்க" என்றேன். அவர் டேப் உருளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மிக்ஸியைப் போடாமல் அம்மியில் அரைத்தேன். டேப்பை உரிக்க மனசு வரவில்லை. பிறகு சரியாக ஒட்டாது.

செப்டம்பர் 14

பிரகாசி அக்கா காலையில் கருவேப்பிலை கேட்டு வந்தாள். பதினோரு மணிக்குத் தீப்பெட்டி. சாயங்காலம் மறுபடியும் கருவேப்பிலை. "ஒங்க வாசல்லயே மரம் நிக்கேக்கா" என்றால், "அதுல பூச்சி" என்கிறாள். வந்தவள் அடுக்களைக்குப் போவதில்லை. நேரே பிள்ளை கிடக்கிற பாய்க்குப் போய்க் குனிந்து நிற்கிறாள். பிள்ளையை ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் போகிறாள். கஷ்டப்பட்டுத் தூங்க வைப்பது நான்.

செப்டம்பர் 20

சாத்தான்குளத்திலிருந்து அத்தை போன் பண்ணினார். அத்தை என்றால் இவருடைய அம்மா. முழங்கால் வலியில் பஸ் ஏற முடியாதவர், அதனால் போனிலேயே குடும்பம் நடத்துகிறார்.

"எப்பம் தாயி திரும்ப வாங்கப் போற? பிள்ளைக்குப் பேர் வைக்கணும்லா. பேரில்லாம எத்தன நாளைக்குக் கூப்பிடுவ?"

"இப்பம் நாள் சரியில்ல அத்தை. தேய்பிறை."

"சரி, அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் இவியளுக்குக் கடையில ஸ்டாக் எடுக்காவ."

இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "நீ எப்பத்திலருந்து தேய்பிறை பாக்க?" என்றார். இவர் தாலி கட்டிய அன்றைக்கு ராகுகாலம் என்று எல்லாரும் முணுமுணுத்தபோது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மணையில் உட்கார்ந்தவள் நான். ஞாபகம் வைத்திருக்கிறார்.

பேருக்கு என்ன அவசரம். வசம்பையே நாம் வசம்பு என்று சொல்வதில்லை, பிள்ளை வளர்ப்பான் என்கிறோம். அதுபாட்டுக்கு வேலை செய்கிறது.

அத்தை போனை வைக்கும் முன்னால் இன்னொன்றும் சொன்னார். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நீதான போன்ல அழுது, விக்கணும்னு நின்ன." அது பிரசவ வலியில் பேசியது. அதையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது.

செப்டம்பர் 27

இன்றைக்குச் சண்டை.

இவர் சாயங்காலம் வந்தார். கைகால் கழுவினார். நான் அடுக்களையில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தேன். ஏதோ முணுமுணுப்பு கேட்டு எட்டிப் பார்த்தால், பாயில் கவிழ்ந்து படுத்துப் பிள்ளையின் காதில் வாயை வைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஆவுடை. ஏ ஆவுடை. அப்பா வந்திருக்கேன். எம் மக நீ. தெரியுமா? எம் மக."

அகப்பையோடு போய் நின்றேன். "யாருக்கு யார் மக?"

எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "ஆவுடைச்செல்வின்னு வைக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

"யாரக் கேட்டு வச்சிய? இன்னும் வாங்கல. வாங்காத பிள்ளைக்குப் பேரா? எதிர்வீட்டுல காது இருக்கு, மேல கீழ எல்லாத்துலயும் காது இருக்கு. பையப் பேசத் தெரியாதா?"

"நான் பெத்த பிள்ளைய எம் பிள்ளைன்னு சொல்ல நான் தேதி பாக்கணுமா வடிவு?"

இந்த மனுஷன் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தினார். எனக்கும் ஏறிவிட்டது.

"போன தடவை சொன்னோம்லா. ஊரெல்லாம் சொன்னோம்லா. என்ன கெடைச்சுது?"

களி அடிப்பிடித்துவிட்டது. கருகியதையே ரெண்டு பேரும் தின்றோம்.

எழுதப்போவதில்லை என்றேன். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

போன தடவை எல்லாம் முன்னாலேயே செய்து வைத்தோம். தொட்டில் வாங்கினோம். அந்தச் சின்ன அறைக்கு நீல வண்ணம் அடித்தோம். பிறந்த அன்றைக்கே பேர். நான் ஸ்டேட்டஸில் போட்டோ போட்டேன், ஜவுளிக்கடையில் எல்லாரும் இதயம் போட்டார்கள். ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தான். ஒரு நாள் காலையில் கண் விழித்தேன், நன்றாக விடிந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அடடா, பிள்ளை நன்றாகத் தூங்கவிட்டானே என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன். பிறகு கையில் எடுத்தேன்.

சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். இருக்கும். ஆனால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28

இவர் கடைக்குப் போகும்போது, "களி கருகுனாலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். சமாதானம் என்று அர்த்தம். நானும் சாயங்காலம் அவருக்குப் பிடித்த சாளை மீன் குழம்பு வைத்தேன். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் சமாதானம்.

அக்டோபர் 3

பிரகாசி அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் சென்னைப் பக்கம் எண்ணூரில் வேலை பார்க்கிறார். அங்கே வீடு கிடைத்துவிட்டதாம். தீபாவளிக்குள் எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பையன்களுக்கு அங்கே பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாயிற்று.

"ஆகையினால ஒம் பிள்ளைய வாங்கிக்க" என்றாள். "இல்ல, கையோட எண்ணூருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். எனக்கும் ஒரு பொம்பளப் பிள்ள ஆச்சு."

சிரித்தேன். அவள் போன பிறகு உட்கார்ந்தே இருந்தேன். துவைத்த துணி வாளியிலேயே கிடந்தது.

அக்டோபர் 6

பிரகாசி அக்கா இன்றைக்கு வாங்கிக்கொள் என்றாள். எனக்குச் சளி பிடித்திருக்கிறது, தலைக்குக் குளிக்காமல் வாங்கக் கூடாது என்றேன். நாளைக்கு என்றாள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்றேன். புதன்கிழமை என்றாள். புதன்கிழமைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இவரிடம், "அக்கா எண்ணூருக்குப் போனா என்ன, அங்கருந்தே அவ பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும். போன் இருக்குல்லா" என்றேன். இவர் என்னையே பார்த்தார். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 8

புதன்கிழமை. எல்லாம் இன்று உடைந்துவிட்டது.

பிரகாசி அக்கா காலையிலேயே ஒரு கிண்ணத்தில் தவிடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நான் குடுத்ததுல வண்டு விழுந்திருக்கும். புதுசு கொண்டாந்திருக்கேன். இத எனக்குக் குடுத்துட்டுப் பிள்ளைய வாங்கு."

"அக்கா, தீபாவளி கழியட்டும்."

"நான் தீபாவளிக்கு எங்கட்டி இருப்பேன்?"

"போங்க. எங்கன இருந்தாலும் ஒங்க பிள்ளைதான. நான் வளத்துக்கிட்டு இருக்கேன். இப்பம் என்ன கெட்டுப் போச்சு? நிம்மதியா இருக்கோம்லா."

அவள் கிண்ணத்தைத் தரையில் தட்டினாள். தவிடு பாய் முழுக்கப் பறந்தது.

"நீ நிம்மதியா இருக்க. நான் இருக்கேனா? ஏட்டி வடிவு, நான் கருவேப்பிலைக்கா ஒன் வீட்டுக்கு வந்தேன்? எங்க வாசல்ல மரமே நிக்கி. பூச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு மூச்சு இருக்கான்னு பாக்க வந்தேன். வெளையாட்டுன்னு நெனச்சுத்தான் அன்னைக்குச் சுளகத் தூக்கிட்டு நின்னேன். தூக்கி மாதா முன்னால காட்டினேன் பாரு, அப்பமே பயம் புடிச்சிருச்சு. அன்னைலருந்து நான் ஒழுங்காத் தூங்கல. ஒன் வீட்டுல பிள்ள அழுதா நான் எந்திரிக்கேன். அழலன்னாலும் எந்திரிக்கேன். எம் மூணு பயலுவள வளக்கும்போதுகூட நான் இப்படிப் பயந்ததில்ல. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நீ தவிட்ட வாங்கி முடிஞ்சுக்கிட்டு நல்லாக் கொறட்ட விட்ட. எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

நான் பாயில் சிந்திய தவிட்டைக் கூட்டி அள்ளினேன்.

"நீ பிள்ளைய மட்டும் விக்கல" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "என்னால முடியலட்டி. வாங்கிக்க."

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு மாதமாகத் தினமும் பார்க்கிற முகம். நான் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 9

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் தூங்கலதான்" என்றார். டேப், கொசுவலை, கேஸ் டியூப் எல்லாம் அதுதானாம். பயம் வரும்போதெல்லாம் எதையாவது முறுக்கிக்கொண்டிருந்தால் கொஞ்சம் அடங்குமாம்.

இந்த வளவில் தூங்கினது நான் ஒருத்திதான்.

அக்டோபர் 10

வாங்கிவிட்டோம்.

பிரகாசி அக்கா பழைய பிரகாசி அக்காவாகிப் பேரம் பேசினாள். "ஒரு கைத் தவிடு எதுக்குக் காணும்? நான் குடுக்கும்போது கோழிக்குஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்பம் பாரு, கன்னத்த. ரெண்டு கை வேணும்." இவர் உடனே மூன்றாவது கையும் அள்ளிப் போட்டார். உரக்கடைக்காரர், மூட்டைக் கணக்குதான் தெரியும், கைக் கணக்கு தெரியாது.

சுளகிலிருந்து எடுத்தேன். இத்தனை நாளும் தூக்கிய பிள்ளைதான். இன்றைக்கு எடை கூடின மாதிரி இருந்தது. நெஞ்சின் மேல் பழையபடி ஏதோ வந்து உட்கார்ந்தது. தெரிந்துதான் வாங்கினேன்.

அத்தை வீடியோ காலில் இருக்க, இவர் காதில் மூன்று தடவை பேர் சொன்னார். ஆவுடைச்செல்வி. ஏற்கெனவே ஒத்திகை பார்த்த பேர்தானே, தடுமாறாமல் சொன்னார். பிள்ளையும் பழகின பேர் மாதிரி அவர் பக்கம் திரும்பியது.

பிரகாசி அக்கா என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுதியளாக்கா?" என்றேன். "இல்லட்டி, தூக்கம் வருது" என்றாள்.

அக்டோபர் 11

மத்தியானம் ஆகியும் எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. பையன்கள் மூவரும் என் வீட்டில் வந்து தோசை தோசையாக உள்ளே தள்ளினார்கள். "அம்மா எந்திரிக்கவே மாட்டேங்கா சித்தி" என்றான் சின்னவன். தூங்கட்டும் என்றேன். மாவு சட்டி காலி.

ஆவுடையின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். நடுவில் தோசையைத் திருப்பிப் போடுகிறேன். மறுபடியும் பார்க்கிறேன்.

அக்டோபர் 13

குட்டி யானை வண்டி வந்து பிரகாசி அக்கா வீட்டுச் சாமான்களை ஏற்றியது. கிளம்புகிற நேரம் பார்த்து ஆவுடை மீன்காரித் தொண்டையை எடுத்தாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த பிரகாசி அக்கா, கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏறுங்கக்கா" என்றேன். "வெறும் பசிதான். நான் பாத்துக்கிடுதேன்."

"வயித்து வலியா இருந்தா ஓமத் தண்ணி..."

"எனக்குத் தெரியும். நீங்க ஏறுங்க."

ஏறினாள். வண்டி திரும்பும்போது நான் கையாட்டுவேன் என்று எட்டிப் பார்ப்பாள் என நினைத்தேன். கண்ணாடியில் தலை சாய்த்து, தெரு முனை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதிர்வீட்டில் பூட்டு தொங்குவதைப் பார்க்க என்னவோ மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 16

இன்றைக்கு ஊசி. ரெண்டு தொடையிலும் குத்தினார்கள், வாயில் சொட்டு மருந்தும் விட்டார்கள். ஆவுடை அழுத அழுகையில் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அழ ஆரம்பித்துவிட்டன.

"காய்ச்சல் வரும். வந்தா நல்லதுதான், ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம். இந்தக் காய்ச்சல் மருந்தக் குடுங்க, பயப்படாதீங்க" என்று நர்ஸ் சொன்னார். ஊசி போட்ட இடத்தில் எதையும் தேய்க்கக் கூடாது என்பதையும் ரெண்டு தடவை சொன்னார். நான் ஏதாவது தேய்ப்பேன் என்று முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

சாயங்காலம் நெருப்பாகச் சுட்டது. காய்ச்சல் மருந்து கொடுத்தேன். இவர் கடையில் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. போனை எடுத்துப் பிரகாசி அக்கா பேர் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன். அவளுக்கு எதற்கு. என் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் பயப்படுகிறேன். என் மடியில் கிடக்கிறாள். அது சரிதான் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 17

காய்ச்சல் இறங்கிவிட்டது. ரெண்டு பேரும் நேற்று முழுக்கக் கண் மூடவில்லை. இன்று ராத்திரி முதல் பாதி நான் பார்ப்பது, பின்பாதி இவர் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 18

வெயில் முகத்தில் அடித்து விழித்தேன்.

உடம்பு லேசாக இருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நொடி முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பதினோரு மணிவாக்கில் ஆவுடைக்குப் பால் கொடுத்துப் படுக்க வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பின்பாதிக்கு இவரை எழுப்பினேனா? எழுப்பவில்லை. வளவில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் எல்லாம் அடங்கி, வெயில் ஜன்னலைத் தாண்டிப் பாயில் பாதி தூரம் வந்திருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் அடித்தது.

பிள்ளை கிடக்கிற பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை. முடியவில்லை என்றால் முடியவில்லை, கழுத்து வரவில்லை. கையை மட்டும் நீட்டி இவரை உலுக்கினேன்.

"என்னங்க. ராத்திரி நீங்க பாத்தியளா?"

"எத?"

"பிள்ளைய."

"நீ எழுப்புவன்னு நெனச்சு..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். ரெண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும்.

எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'ங்கு' என்று ஒரு சத்தம் வந்தது.

திரும்பினேன். விழித்துக் கிடக்கிறாள். கழுத்து வரைக்கும் நனைந்து, ஒற்றைக் காலால் போர்வையை உதைத்துக்கொண்டு, சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக் கிடக்கிறாள். அழவில்லை. எங்களைக் கூப்பிடவும் இல்லை. எப்போது எழுந்தாளோ தெரியாது. பக்கத்தில் ரெண்டு பெரிய மனிதர்கள் பேயறைந்த மாதிரிக் கிடப்பதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

நான் பார்க்கவில்லை. இவர் பார்க்கவில்லை. பிரகாசி அக்கா எண்ணூரில் இருக்கிறாள். யாரும் பார்க்காமலேயே ராத்திரி முழுக்க இவள்பாட்டுக்கு மூச்சு விட்டிருக்கிறாள்.

இவர் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பசிதான் வந்தது, அப்படி ஒரு பசி. ஈரத்துணியை மாற்றி, ஆவுடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "போதும், எந்திரிச்சுப் போயி அடுப்பப் பத்த வைங்க. எனக்கும் எம் மகளுக்கும் பசிக்கி" என்றேன்.